நியூட்டன் தேன்பெட்டியும் மலைத்தோட்டத்து ஆர்க்கிட்டும்: வாங்கலாமா?

சேலம், நாமக்கல், கோவைப் பக்கம் தேனீப் பெட்டி விற்கிறவர்களில் சிலர் இப்போது ஒரு வரியைச் சேர்த்துச் சொல்கிறார்கள்: "பெட்டி வைங்க, காபியும் நல்லா காய்க்கும், மரத்து மேல இருக்கிற ஆர்க்கிட்டும் காய்க்குமுங்க." முதல் பாதி சரி. அராபிகா வகைக் காபி தன் மகரந்தத்திலேயே காய் பிடிக்கும் என்றாலும் தேனீ வந்தால் காய்ப்பு கூடும். ரொபஸ்டாவுக்கோ அயல் மகரந்தம் இல்லாமல் முடியாது. இரண்டாம் பாதி ஏதோ ஓரிரு இனத்துக்குப் பொருந்தும், பெரும்பாலானவற்றுக்குப் பொருந்தாது. அப்படியிருந்தும், ஏற்காட்டிலோ கொல்லிமலையிலோ பழைய நிழல்மரங்கள் நிற்கிற தோட்டம் வைத்திருப்பவர் இந்தப் பெட்டியை வாங்கலாம் என்பதுதான் எங்கள் முடிவு. ஆர்க்கிட்டைப் பொறுத்தவரை இந்தப் பெட்டியின் லாபம் மகரந்தத்தில் இல்லை, மரத்தில் இருக்கிறது.

மதிப்பீட்டுக்கு எடுத்தது அடுக்குத்தேனீக்கான நியூட்டன் வகைப் பெட்டி. திருச்சியில் இருந்த நியூட்டன் பாதிரியார் 1910-களில் நம்மூர்த் தேனீயின் உடம்பளவுக்கு ஏற்ப வடிவமைத்தது. தமிழ்நாட்டில் இன்றைக்கும் அதிகம் புழங்குவது இதுதான். ஸ்டாண்ட், அடிப்பலகை, தேனீ அடை கட்டுகிற ஏழு சட்டம் கொண்ட புழு அறை, அதன்மேல் தேன் அறை, உள்மூடி, மேல்மூடி. புழு அறைச் சட்டத்தின் உள்ளளவு சுமார் 20.5 செ.மீ. நீளம், 14 செ.மீ. உயரம். தேன் அறைச் சட்டம் அதே நீளம், உயரம் 6 செ.மீ.யைச் சற்றுத் தாண்டும்.

இந்த அளவில்தான் முதல் வில்லங்கம். பெயர் ஒன்றாக இருந்தாலும் பட்டறைக்குப் பட்டறை அரை சென்டிமீட்டர் மாறுகிறது. ஒருவரிடம் வாங்கிய சட்டம் இன்னொருவர் பெட்டியில் இறங்காது. இறங்கினாலும் சுவருக்கும் சட்டத்துக்கும் நடுவே சந்து கூடக்குறைய வரும். தேனீ நடமாட 7, 8 மில்லிமீட்டர் சந்து வேண்டும். அதைவிடக் குறைந்தால் அடைத்துவிடும், கூடினால் குறுக்கே அடை கட்டிச் சட்டத்தைச் சுவரோடு ஒட்டிவிடும். அப்புறம் பெட்டியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் அடை பிய்ந்து, தேன் ஒழுகி, எறும்பு வரும். ஆகவே கடைக்குப் போகும்போது ஒரு அளவுநாடாவும் கையில் ஒரு பழைய சட்டமும் கொண்டு போங்கள். நான்கைந்து பெட்டி வாங்குவதாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே பட்டறையில், ஒரே நாளில் வாங்குங்கள். உதிரிச் சட்டமும் பத்துப் பன்னிரண்டு சேர்த்து வாங்கிவிடுவது நல்லது.

மரம் முக்கால் அங்குலத்துக்குக் குறையக் கூடாது. மெல்லிய பலகை மலைக் குளிரில் புழுவை ஆறவிடும். கூட்டத்தின் பாதிப் பேர் புழுவைச் சூடாக வைத்திருக்கவே உட்கார்ந்துவிடுவார்கள், வெளியே போக ஆள் இருக்காது. காயாத மரத்தில் செய்த பெட்டி முதல் மழையிலேயே மூலை விரியும். பதப்படுத்தாத ரப்பர் மரமாக இருந்தால் உளுத்துப்போகும். வாங்கும்போதே பலகையின் அடியில் குண்டூசித் தலை அளவுக்குத் துளையோ மாவு போன்ற தூளோ இருக்கிறதா என்று பாருங்கள். உள்பக்கம் பெயிண்ட் அடித்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். வெளியே மட்டும், வெளிர் நிறத்தில், அடித்து நன்றாக வாடை போன பிறகே தேனீக் குடும்பத்தை ஏற்ற வேண்டும். மேல்மூடிக்குத் தகடு போட்டிருந்தால் ஏற்காட்டு மழைக்குத் தாங்கும். ஆனால் தகட்டுக்கு அடியில் காற்றுத் துளை இல்லாவிட்டால் உள்ளே வேர்த்துப் பூசணம் பிடிக்கும்.

பெட்டியைவிடக் குடும்பத்தைப் பார்த்து வாங்குவதில்தான் சூட்சுமம். நான்கு சட்டமாவது இரண்டு பக்கமும் தேனீ மூடியிருக்க வேண்டும். ஒரு சட்டத்தை வெயிலுக்குத் திருப்பிப் பிடித்து அடையின் சிறு அறைக்குள் முட்டை தெரிகிறதா பாருங்கள். ராணியைக் கண்ணால் பார்க்காவிட்டாலும் நிமிர்ந்து நிற்கும் முட்டை இருந்தால் ராணி இருக்கிறாள். ஒரே அறையில் இரண்டு மூன்று முட்டை ஒழுங்கில்லாமல் கிடந்தால் அது ராணி இல்லாததால் பணித்தேனீ இட்டது, அந்தக் குடும்பம் வேண்டாம். மூடிய புழு அடை நடுவில் ஓட்டை ஓட்டையாக இருந்து, திறந்த அறையில் புழு தலையை மேலே நிமிர்த்திச் செத்துக் கிடந்தால் தாய் சாக்புரூட் நோய். முள்ளால் தூக்கினால் நீர் நிறைந்த பை மாதிரி வரும். 1991-92-இல் தென்னிந்தியாவின் அடுக்குத்தேனீக் குடும்பங்களில் பெரும்பகுதியை வாரிக்கொண்டு போன வைரஸ் இது, மருந்து கிடையாது. விற்பவர் "சர்க்கரைத் தண்ணி வெச்சா சரியாயிருமுங்க" என்றால் நம்பாதீர்கள். அந்தப் பெட்டியிலிருந்து ஒரு சட்டம்கூடத் தோட்டத்துக்குள் வரக் கூடாது.

இனி ஆர்க்கிட். நம் மலைகளில் பழைய மரக்கவட்டில் கற்றாழை மாதிரி தடித்து நீண்ட இலையோடு கொத்தாக வளர்ந்து, வெயில் காலத்தில் கீழ்நோக்கித் தொங்கும் பூச்சரம் விடுகிற சிம்பிடியம் அலோய்ஃபோலியத்தைப் பலர் பார்த்திருப்பார்கள். மஞ்சள் கலந்த வெளிர் நிறப் பூ, இதழின் நடுவில் அரக்குக் கோடு. இதற்கு மகரந்தம் சேர்ப்பது நம் அடுக்குத்தேனீ என்று இந்திய ஆய்வாளர்கள் 2022-இல் பதிவு செய்திருக்கிறார்கள். ஆர்க்கிட்டில் மகரந்தம் தூளாக உதிராது. பொட்டலமாகக் கட்டி, அடியில் பசை வைத்திருக்கும். தேனீ பூவின் உதடு போன்ற கீழ் இதழில் இறங்கி உள்ளே நுழைந்து பின்வாங்கும்போது அந்தப் பொட்டலம் முதுகில் ஒட்டிக்கொள்ளும். அடுத்த பூவுக்குள் நுழையும்போது சூல்முடியின் குழியில் அப்பிக்கொள்ளும். ஒரே வருகையில் முழுப் பொட்டலமும் போய்ச் சேர்வதால் ஒரு காயில் லட்சக்கணக்கில் தூசி விதை உண்டாகிறது. பொட்டலம் தப்பான இடத்தில் விழுந்தால் அந்தப் பூவின் மகரந்தம் மொத்தமும் வீண்.

இந்தச் சிம்பிடியத்தின் உறவுக்காரச் செடி ஒன்று ஜப்பானில் தேனீ வளர்ப்பவர்களுக்கே உதவுகிறது. சிம்பிடியம் ஃப்ளோரிபண்டம் பூவின் மணம் அங்குள்ள அடுக்குத்தேனீயைப் பித்துப்பிடிக்க வைக்கும். பணித்தேனீ மட்டுமல்ல, ஆண் தேனீயும், பிரிந்து பறக்கும் கூட்டமே கூட அதில் வந்து அடையும். தேனீ தன் உடம்பில் உண்டாக்குகிற இரண்டு அமிலங்களின் கலவை அந்த மணத்தில் இருப்பதை 2013-இல் கண்டுபிடித்தார்கள். இத்தாலியத் தேனீ அதைச் சீண்டாது. காலிப் பெட்டி முன்னால் அந்தப் பூந்தொட்டியை வைத்துக் கூட்டம் பிடிப்பது அங்கே வழக்கம். இதைப் படித்துவிட்டு அந்தச் செடியை ஆன்லைனில் வாங்கவோ, காட்டுச் சிம்பிடியத்தைப் பிடுங்கி வந்து பெட்டி முன்னால் கட்டவோ கிளம்ப வேண்டாம். ஆர்க்கிட் குடும்பம் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கிறது. காப்புக்காட்டிலிருந்து எடுப்பது குற்றம். காலிப் பெட்டிக்குக் கூட்டம் வரவேண்டுமென்றால் பழைய அடையின் மெழுகை உருக்கி உள்பலகையிலும் சட்டத்திலும் தேய்த்தாலே போதும்.

பெட்டி உதவாத ஆர்க்கிட்டுகளின் வரிசை நீளம். வெள்ளைப் பூவும் நீண்ட தேன்குழலும் கொண்ட ஹாபனேரியா இனங்கள் இராத்திரி அந்துப்பூச்சியை நம்பியவை. பல்போஃபில்லத்துக்கு ஈ. செருப்பு வடிவப் பூ கொண்ட பாஃபியோபெடிலத்துக்கு மிதவை ஈ. வேம்பிலும் புளியிலும் ஒட்டி வளர்கிற வாண்டாவுக்காகப் பெட்டி வாங்குவதும் வீண். அங்கே தச்சுத்தேனீ போன்ற பருத்த தேனீக்கு இடம்கொடுங்கள், அதாவது பட்டுப்போன கொம்பையும் காய்ந்த மூங்கிலையும் அடுப்புக்கு அனுப்பாமல் நாலைந்தை நிற்கவிடுங்கள். ஆர்க்கிட் இனங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பூச்சிக்கு எதையும் கொடுக்காமல் ஏமாற்றியே காரியம் சாதிப்பவை. பெட்டித் தேனீ ஒரு தடவை ஏமாந்தால் பக்கத்தில் காபிப் பூ இருக்கும்போது மறுபடி அந்தப் பக்கம் திரும்பாது. பொள்ளாச்சிப் பக்கம் வனிலா போட்டவர்களுக்கு ஒரு வரி: வனிலாவும் ஆர்க்கிட்தான், ஆனால் நம் தேனீ அதற்கு மகரந்தம் சேர்க்காது. பூ ஒரே நாள், காலையில் மலரும், மதியத்துக்குள் மகரந்தத்துக்கும் சூல்முடிக்கும் நடுவே உள்ள மூடுசதையைக் குச்சியால் தூக்கிக் கையால்தான் ஒட்ட வேண்டும். 1841-இல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் அல்பியஸ் என்ற பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்த முறை, இன்னும் மாறவில்லை. வனிலாவுக்காகப் பெட்டி விற்க வந்தால் கும்பிடு போட்டு அனுப்பிவிடலாம்.

அப்படியானால் எதற்குப் பரிந்துரைக்கிறோம்? மலைத்தோட்டத்தில் ஆர்க்கிட் அழிவது பெரும்பாலும் மகரந்தம் சேராததால் அல்ல. நிழல் குறைக்கிறோம் என்று பழைய நாவல், மருது, வாகையின் கொம்பைக் கழிக்கிறார்கள். அந்தக் கொம்போடு இருபது முப்பது வருடத்துச் செடி தரையில் விழுந்து வாடுகிறது. பிறகு மரத்தையே எடுத்துவிட்டுச் சில்வர் ஓக் நடுகிறார்கள். மிளகு ஏற்றவும் விற்கவும் அது சௌகரியம். ஆனால் பழைய நாட்டுமரத்தின் வெடித்த பட்டையும் பாசியும் தருகிற இடத்தை அது தராது. ஆர்க்கிட் விதையில் சேமிப்பு உணவு கிடையாது. பட்டையில் வாழும் குறிப்பிட்ட பூஞ்சை ஊட்டினால்தான் முளைக்கும். பத்து லட்சம் விதை விழுந்தாலும் பட்டை சரியில்லையென்றால் ஒன்றும் மிஞ்சாது.

இங்கேதான் பெட்டி வேலை செய்கிறது. காபிப் பூ மழை பெய்து பத்து நாளில் வெடிக்கும், இரண்டு மூன்று நாளில் முடியும். அந்தப் பூவை மட்டும் நம்பினால் குடும்பம் மீதி வருடம் பட்டினி. நாவல், புங்கம், இலவம், வேங்கை என்று மாதத்துக்கு ஒன்றாகப் பூக்கும் மரங்கள் ஒன்றரைக் கிலோமீட்டருக்குள் இருந்தால்தான் அடுக்குத்தேனீ பெட்டியில் தங்கும். இல்லாவிட்டால் ஒரு நாள் பகலில் மொத்தமாக எழுந்து போய்விடும், இந்த இனத்தின் குணம் அது. தேன் வருமானம் பார்த்த தோட்டக்காரர் நாவலை வெட்டுவதற்கு முன் ஒரு தடவை யோசிப்பார். மரம் நின்றால் அதன்மேல் இருப்பதும் நிற்கும். பெட்டியை வாங்கிவிட்டு நிழல்மரத்தை வழக்கம்போலக் கழிக்கிறவருக்கு அது தேன்பெட்டி மட்டுமே.

வைக்கிற இடம் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆர்க்கிட் இருக்கிற மரத்திலேயே பெட்டியைக் கட்டித் தொங்கவிடுவதைப் பார்க்கிறோம்; கம்பி பட்டையை அறுக்கும், பெட்டி திறக்க ஏறுகிறவர் கால் வைத்தே பாதி வேர் நசுங்கும், புகைப்பானின் சூட்டில் இலை வதங்கும். மரத்திலிருந்து 20, 30 மீட்டர் தள்ளி, தரையில் ஸ்டாண்ட் போட்டு, வாசல் கிழக்கு பார்த்து வையுங்கள். காலை வெயில் பட வேண்டும், உச்சி வெயில் படக் கூடாது. வெயிலுக்காக மேலே உள்ள கொம்பை வெட்டாதீர்கள், பெட்டியை நகர்த்துங்கள். ஆனால் குடும்பம் ஏறிய பெட்டியை ஒரு நாளைக்கு ஓர் அடி, இரண்டு அடிக்கு மேல் நகர்த்தினால் வெளியே போன தேனீ பழைய இடத்துக்கே வந்து அலையும். ஸ்டாண்டின் நான்கு காலும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிற்க வேண்டும். கிண்ணத்தில் இலை விழுந்து பாலம் போட்டுவிட்டால் எறும்புக்கு அதுவே வழி, வாரம் ஒரு முறை துடைத்துவிடுங்கள். கரடி நடமாட்டம் உள்ள கொல்லிமலைச் சரிவுகளிலும் வால்பாறைப் பக்கமும் தரையில் வைப்பது சரிவராது. வீட்டுச் சுவரை ஒட்டி வைப்பதே உத்தமம். வால்பாறையில் இன்னொன்று, கொழுந்து பறித்துக்கொண்டே இருப்பதால் தேயிலை பூக்காது. கண்ணுக்கெட்டிய தூரம் பச்சையாக இருக்கும், தேனீக்கு அது பாலைவனம். சோலை ஓரமாக இருந்தால் மட்டும் முயலுங்கள், அங்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை கையால்தான் தீனி.

எத்தனை பெட்டி? ஆர்க்கிட் நினைப்பில் வைப்பவர் ஏக்கருக்கு ஒன்று, இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஓரிடத்தில் ஐம்பது பெட்டி குவித்தால் பூவில் உள்ள தேனையும் மகரந்தத்தையும் அவையே வழித்துவிடும். தச்சுத்தேனீ, நீலவரித் தேனீ, இலைவெட்டித் தேனீ எல்லாம் விலகும். அவற்றை நம்பிய ஆர்க்கிட்டுக்கு அது நேரடி நட்டம். இதே காரணத்தால் காட்டோரத்தில் இத்தாலியத் தேனீப் பெட்டியை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. அடுக்குத்தேனீ வருடத்துக்கு 5 முதல் 10 கிலோ தரும் இடத்தில் அது பல மடங்கு தரும்தான், ஆனால் அது தாராபுரம், மூலனூர் முருங்கைக்காட்டுக்கும் சூரியகாந்திக்கும் உரியது. மூங்கில் குழாயிலும் சிறு பெட்டியிலும் விற்கிற கொசுத்தேனீ நல்ல பிராணி, கொட்டாது. சிம்பிடியம் பூவின் தூணுக்கும் (மகரந்தமும் சூல்முடியும் சேர்ந்திருக்கும் நடுத்தண்டு) உதட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளிக்கு அதன் உடம்பு பற்றாது என்பதால் ஆர்க்கிட் கணக்கில் அதைச் சேர்க்கவில்லை.

பெட்டி வந்தபின் ஆர்க்கிட்டில் பலன் இருக்கிறதா என்று சோதிப்பது எளிது, விற்பவர் வாய்ச்சொல் தேவையில்லை. ஐந்து பூச்சரத்தில் கலர் நூல் கட்டுங்கள். அதே மரத்தில் வேறு இரண்டு சரத்தைப் பூ விரியும் முன்பே கொசுவலைத் துணிப் பையால் மூடுங்கள். திறந்த சரத்துப் பூவைப் பத்து மடங்கு லென்சில் பார்த்தால், தூணின் நுனியில் வெள்ளைத் தொப்பி மாதிரி இருக்கிற மூடி கழன்றிருந்தால் யாரோ பொட்டலத்தைத் தூக்கிப் போயிருக்கிறார்கள். மூன்று வாரத்தில் பூக்காம்பு பருத்துப் பச்சையாக நின்றால் காய். மஞ்சளாகி உதிர்ந்தால் இல்லை. மூடிய சரத்திலும் காய் வந்தால் அது தானாகவே காய்க்கும் செடி, பெட்டிக்குப் பங்கில்லை. காய் முற்றி வெடிக்க மாதக்கணக்கில் ஆகும், அதுவரை அந்தக் கொம்பில் யாரும் கத்தி வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். செடியின் பெயர் தெரியாவிட்டால் படம் எடுத்துக்கொண்டு போய் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் ஆர்க்கிட் பூங்காவில் உள்ள செடிகளோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். செடியைப் பிடுங்கி எடுத்துப் போக வேண்டாம்.

மருந்து விஷயத்தில் தேனீக்கும் ஆர்க்கிட்டுக்கும் எதிரி ஒன்றே. போர்டோ கலவை என்ற தாமிரப் பூஞ்சைக்கொல்லியை மிளகுக்கும் காபிக்கும் அடிக்கும்போது நிழல்மரத்தின் பட்டையில் படாமல் பீச்சுங்கள். தாமிரம் எந்தப் பூஞ்சை என்று பார்த்துக் கொல்லாது, ஆர்க்கிட்டுக்கு வேண்டிய பூஞ்சையும் அதில் போகும். பூச்சிமருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால் பொழுது சாய்ந்த பிறகு, பூ இல்லாத வேளையில் அடியுங்கள், பெட்டி வாசலை ஈரச்சாக்கால் மூடி விடிந்ததும் திறங்கள். 2016-இல் பொள்ளாச்சியில் சுருள் வெள்ளை ஈ வந்தபோது தென்னைக்குக் கண்டபடி மருந்தடித்தவர்கள் அந்த ஈயைத் தின்னும் ஒட்டுண்ணியையும் சேர்த்தே கொன்றார்கள். ஆனைமலை அடிவாரத்தில் பெட்டி வைப்பவர்கள் பக்கத்துத் தோப்புக்காரரிடம் முதலில் பேசிவிடுவது நல்லது.

மழைக்காலத் தீனிக்கு ஒரு பங்கு சர்க்கரை, ஒரு பங்கு தண்ணீர், காய்ச்சி ஆறவைத்து, இருட்டும் நேரத்தில் பெட்டிக்குள் தேங்காய்ச் சிரட்டையில் குச்சி மிதக்கவிட்டு வையுங்கள். பகலில் வைத்தால் பக்கத்துப் பெட்டி கொள்ளையடிக்கும். தேன் அறையில் மட்டும் தேன் எடுங்கள்; புழு அறைத் தேனைத் தொட்டால் ஆடி மாதம் குடும்பம் ஓடும். குறைந்துபோன கூட்டத்துக்கு ஏழு சட்டத்தையும் விட்டுவைத்தால் தேனீ மூடாத அடையில் மெழுகுப்பூச்சி வலை கட்டும், ஆகவே மூடாத சட்டத்தை உருவி, நடுவே ஒரு பலகைத் தடுப்பு வையுங்கள். இந்தத் தடுப்புப் பலகையைப் பெரும்பாலான பட்டறைகள் பெட்டியோடு தருவதில்லை. அது ஒரு குறைதான், கேட்டு வாங்குங்கள்.

விலை மரத்தையும் பருவத்தையும் பொறுத்தது. பெட்டி, ஸ்டாண்ட், குடும்பம் மூன்றுக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள். மொத்தமாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மெல்லிய பலகையை அதில் ஒளித்திருப்பார்கள். குடும்பத்தைத் தை மாதத்திலேயே ஏற்றிவிட்டால் காபிப் பூவுக்குள் கூட்டம் பெருகிவிடும். பூ வந்த பிறகு வாங்கினால் அந்த வருடத்துத் தேன் கிடையாது. ராணி இல்லையென்று பதினைந்து நாளுக்குள் தெரிந்தால் மாற்றித் தருவதாக ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தராதவரிடம் காலிப் பெட்டியை மட்டும் வாங்கிக்கொண்டு, குடும்பத்தை உள்ளூர் மலையிலேயே தேனீ வளர்ப்பவரிடம் வாங்குங்கள். அடிவாரத்து வெயிலில் வளர்ந்த கூட்டத்தைவிட அது குளிருக்குத் தாங்கும்.